ஐம்பதுக்கு மேல்

எங்கள் வீட்டுக்காரருக்கு ஐம்பத்தைந்து வயதில் ஸ்பானிஷ் படிக்கும் ஆசை வந்தது. மனிதர் தையல் மிஷினைத் தவிர எதையும் உட்கார்ந்து படித்தவர் இல்லை. பேப்பரைக்கூட நான் வாசித்தால் காது கொடுப்பார், அதுவும் பாதியில் கொட்டாவி விடுவார். அப்படிப்பட்டவர் காலையில் எழுந்து பல் தேய்த்துக்கொண்டே "உனோ, தோஸ், த்ரேஸ்" என்று சொன்னால் எனக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

சிரித்தேன்தான். ஆனால் எதற்காகப் படிக்கிறார் என்று எனக்குத் தெரியும். அதனால் அடுப்படிக்குப் போய்ச் சிரித்தேன்.

எங்களுடையது இரண்டு மிஷின், ஒரு வெட்டு மேசை, ஒரு ஆள் உயரக் கண்ணாடி உள்ள தையற்கடை. முப்பது வருஷமாக ஒரே நடைமுறை. இவர் அளவெடுத்துச் சத்தமாகச் சொல்வார், நான் நோட்டில் எழுதுவேன். கழுத்து, தோள், கை, நீளம், இடுப்பு என்று போய் மார்பைக் கடைசியில்தான் அளப்பார். டேப்பைக் கண்டதும் எல்லோரும் மூச்சை இழுத்து நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிறார்களாம். மற்றதெல்லாம் அளந்து முடிவதற்குள் அலுத்துப்போய் மூச்சு இயல்பாகிவிடுமாம். தன்னைத் தானே அளந்துகொண்டு வந்து சொல்பவர்களின் அளவை வாங்கவே மாட்டார். "இன்னொருத்தர் கையில டேப் இருந்தாதான் உடம்பு உண்மையைச் சொல்லும்" என்பார்.

நோட்டின் முன்பக்கங்கள் வாடிக்கையாளர்களுக்கு, பெயர் போட்டு. கடைசிப் பத்துப் பக்கங்கள் குடும்பத்துக்கு. அங்கே பெயர் கிடையாது, உறவு மட்டும். அண்ணன், பெரிய தங்கச்சி, சின்னத் தங்கச்சி, மச்சான். மாமியாருக்கு மட்டும் பக்கம் இல்லை. இவருடைய அம்மா இவருக்கு நாலு வயதிலேயே தவறிவிட்டார். மாமியார் இல்லாத வீடு என்று பார்த்துத்தான் எங்கள் அப்பா என்னை இவருக்குக் கட்டிக்கொடுத்தார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இவருக்கு எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுபோனது. வேறொருவருடைய ஊற்றை எடுத்துத்தான் வைக்க வேண்டும் என்றார் டாக்டர். கூடப்பிறந்தவர்கள் மூன்று பேரும் ஓடி வந்து கையை நீட்டினார்கள். ஒருவருடையதும் பொருந்தவில்லை. அண்ணன் ஆஸ்பத்திரி நடையில் நின்று குழந்தை மாதிரி அழுதார். அப்புறம் ஒருநாள், எங்கேயோ கடலுக்கு அந்தப்பக்கம் ஒருவருடையது பொருந்துகிறது, அவர் தரச் சம்மதித்துவிட்டார் என்று சொன்னார்கள். யார் என்று சொல்லவில்லை. ஆண், வயது இருபத்தாறு, அவ்வளவுதான். ஒரு நர்ஸ் சின்னப் பை ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினாள். ஒரு டம்ளர் அளவுகூட இருக்காது. "இவ்வளவுதானாம்மா?" என்று கேட்டேன். "இது போதும்" என்றாள்.

அன்றிலிருந்து நூறு நாள் தாண்ட வேண்டும், அதற்கப்புறம்தான் மூச்சு விடலாம் என்றார் டாக்டர். அந்த அறைச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. தினமும் காலையில் அதில் பென்சிலால் ஒன்று, இரண்டு என்று எண் போட்டேன். முதல் ஐம்பது நாள் எப்படியோ ஓடிவிட்டது. ஐம்பத்தொன்றில் காய்ச்சல் வந்தது. ஐம்பத்தேழில் என்னைப் பார்த்து "யாரும்மா நீங்க?" என்றார். எழுபத்து மூன்றில் கண்ணைத் திறந்து, "மிஷினுக்கு எண்ணெய் போட்டியா?" என்றார். அன்றைக்குத்தான் நான் வயிறாரச் சாப்பிட்டேன். நூறாவது நாள் டாக்டர் கதவைத் திறந்து நின்றுகொண்டே, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். இதில் பாதி இவருக்கு நினைவில்லை. எனக்கு ஒன்றுகூட மறக்கவில்லை.

இரண்டு வருஷம் முடிந்த பிறகுதான் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளலாம் என்பது விதி. விதி முடிந்த மாதமே ஆஸ்பத்திரி வழியாகக் கடிதம் வந்தது. முழுக்க ஸ்பானிஷ். எங்கள் வாடிக்கையாளர்களில் ஒரு ஸ்பானிஷ் டீச்சரம்மா உண்டு, மொழிப்பள்ளியில் வேலை. ஆள் குள்ளம், வாங்குகிற பேன்ட் எல்லாமே ஒரு சாண் நீளம். அவர் பேன்ட்டை நான் மடித்துக் குண்டூசி குத்திக்கொண்டிருக்க, அவர் நின்றபடியே கடிதத்தை வாசித்துச் சொன்னார். மீன்பிடிக் கப்பலில் இன்ஜின் பார்க்கிறவராம். அம்மாவும் அவரும்தான் வீட்டில். நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று தெரிந்த அன்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள் என்று எழுதியிருந்தார். நான் வாயில் நாலு குண்டூசி வைத்திருந்ததால் அழக்கூட வழியில்லை.

கடிதத்தின் கடைசியில் ஒரு தொலைபேசி எண். 'ஜூன் ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பேன். திங்கட்கிழமை கப்பல் ஏறினால் எட்டு மாதம் கடல்தான். முடிந்தால் கூப்பிடுங்கள்.' வீடியோ எல்லாம் அவர்கள் ஊரில் சரியாக வராதாம், குரல் மட்டும்தானாம். அதற்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

"டீச்சர், அன்னைக்கு நீங்களே வந்து பேசிக் குடுத்துடுங்களேன்" என்றேன் நான்.

"வேண்டாம்" என்றார் இவர். கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "படுக்கையில கிடந்தப்ப என் வாயெல்லாம் புண்ணு. டாக்டர் சொன்னதை இவ கேட்டா. நான் சொல்ல நினைச்சதையும் இவதான் சொன்னா. நன்றியையாவது என் வாயால நான் சொல்லிக்கறேன்."

"வீம்பு" என்றேன்.

"ஆமா, வீம்புதான்" என்றார்.

டீச்சர் சிரித்துவிட்டு, வாரம் இரண்டு நாள் கடைக்கே வருகிறேன் என்றார். அந்தப் பெண்ணுக்கு என்ன கைம்மாறு செய்வதென்று தெரியாமல், அவருடைய எல்லாப் பேன்ட்டையும் கேட்காமலே சரிசெய்து வைத்தேன்.

இவருக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. முதலில் நன்றி. பிறகு அளவு. அந்தப் பையனுக்கு ஒரு சட்டை தைத்து அனுப்ப வேண்டும். அளவை நேரில் எடுக்க முடியாது. யாரையாவது டேப் பிடிக்கச் சொல்லி எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். ஆகவே முதல் பாடம் எண்கள்.

டீச்சர் ஒன்றிலிருந்து நூறு வரை தமிழ் எழுத்தில் எழுதிக் கொண்டுவந்தார். இவர் தாளை மேலும் கீழும் பார்த்தார்.

"ஐம்பதுக்கு மேல எனக்கெதுக்கு டீச்சர்? முப்பது வருஷத்துல ஐம்பது இஞ்ச் நெஞ்சு ஒரே ஒரு ஆளுக்குத்தான் பாத்தேன். அவரு பேக்கரி வச்சிருந்தாரு."

சொல்லிவிட்டுக் கத்தரியை எடுத்து, ஐம்பதோடு தாளை நேராக வெட்டிவிட்டார். துணி வெட்டுகிற பழக்கம், வேண்டாத பாதி மேசைக்கடியில் துண்டுத் துணிகளோடு விழுந்தது. 

அன்று மாலை கடையைப் பெருக்கும்போது அந்தப் பாதித் தாள் என் கையில் வந்தது. ஐம்பத்தொன்று முதல் நூறு வரை. குப்பையில் போட மனம் வரவில்லை. அது என் ஐம்பது நாள். இவருக்குத் தெரியாமல் மடித்துப் பட்டன் டப்பாவுக்குள் வைத்தேன்.

அடுத்து வந்தது கிழமையும் மாதமும். அதில் எங்கள் வியாபாரமே ஆட்டம் கண்டது. பழக வேண்டும் என்று, தைத்த துணியில் கட்டுகிற சீட்டிலெல்லாம் இவர் ஸ்பானிஷில் கிழமை எழுத ஆரம்பித்தார். ஒருநாள் இவர் நூல் வாங்கப் போயிருந்தார். ஒரு வாத்தியார் வந்து தன் கோட்டைக் கேட்டார். சீட்டில் 'மார்த்தெஸ்' என்றிருந்தது.

"மார்ச் மாசம்தான் ஆகுமாம் சார்" என்று நான் சொல்லிவிட்டேன். அப்போது ஜனவரி. மனிதர் அடுத்த வாரம் கல்யாணம் என்று குதித்தார். இவர் வந்து, "மார்த்தெஸ்னா செவ்வாய்க்கிழமைடி, இன்னைக்குத்தான்" என்று கோட்டை எடுத்துக் கொடுத்தார். அதற்கப்புறம் லூனெஸ் முதல் தோமிங்கோ வரை எனக்கும் மனப்பாடமாகிவிட்டது. அவமானம் நல்ல வாத்தியார்.

மூன்றாவது பாடம்தான் இவரைப் படுத்தியது. 'எனக்கு', 'உனக்கு', 'அதை', 'அவரை' என்பதற்கெல்லாம் அந்த மொழியில் ஒற்றை எழுத்து மாதிரி குட்டிக் குட்டிச் சொற்கள். மே, தே, லோ, லா. தப்பான இடத்தில் உட்கார்ந்தால் வாக்கியம் கோணிக்கொள்ளும். டீச்சர் நூலையும் ஊசியையும் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். நூலை 'எனக்கு அதைக் கொடு' என்றால் 'தாமேலோ'. ஊசி என்றால் 'தாமேலா'. அங்கே நூல் ஆணாம், ஊசி பெண்ணாம். அன்று முதல் இவர் தலையைத் தூக்காமல் கையை நீட்டி "தாமேலோ" என்பார். நான் வேண்டுமென்றே ஊசியைக் கொடுப்பேன்.

"தாமேலோன்னேன். நூலு."

"வாயைத் திறந்து நூலுன்னு கேட்டா நூல் வரும். மந்திரம் போட்டா மாங்காய் வராது."

"மாங்கான்னா அவங்க பாஷையில சட்டைக்கை" என்பார். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்காக. டீச்சர் எழுதித் தந்து, இவர் ஐந்து மாதம் மிஷின் மிதித்துக்கொண்டே சொன்ன வாக்கியம். 'எனக்கு உயிரைக் கொடுத்தீர்கள். என்னை யாரென்று தெரியாமலே அதை எனக்குக் கொடுத்தீர்கள்.' அதில் 'அதை எனக்குக் கொடுத்தீர்கள்' என்பது மட்டும் 'உஸ்தேத் மே லா தியோ'. உயிரும் அங்கே பெண்தானாம். உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நானே சொல்லிவிடும் அளவுக்கு என் காதில் ஏறிவிட்டது.

நானும் சும்மா இருக்கவில்லை. பட்டன் தைக்கும்போது அந்தப் பாதித் தாளை மடியில் வைத்துக்கொள்வேன். சிங்குவெந்தா இ உனோ, காய்ச்சல். சிங்குவெந்தா இ சியேத்தே, யாரும்மா நீங்க. செதெந்தா இ த்ரேஸ், எண்ணெய் போட்டியா. நாளும் எண்ணும் சேர்ந்து வந்ததால் ஒன்றும் மறக்கவில்லை. இவ்வளவு கிண்டல் செய்துவிட்டு நானும் படிக்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் சொல்லவில்லை.

ஜூன் ஒன்பது வந்தது. தோமிங்கோ. எங்களுக்கு மாலை நாலு மணி, அவர்களுக்குக் காலையாம். கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு, வெட்டு மேசையில் போனை வைத்து, ஸ்பீக்கரைப் போட்டோம். இவர் புதுச் சட்டை போட்டிருந்தார், கழுத்தில் வழக்கம்போல் இஞ்ச் டேப். போனில் முகம் தெரியாது என்று சொன்னேன், கேட்கவில்லை. நான் நோட்டில் முன்பக்கத்தில் புதுத் தாளைத் திறந்து, பெயர் எழுதுகிற இடத்தைக் காலியாக விட்டு உட்கார்ந்தேன்.

மூன்றாவது மணியில் எடுத்துவிட்டார்கள்.

"ஓலா?" இளசான குரல்.

இவர் வாயைத் திறந்தார். "உஸ்தேத்... மே..." என்றார். அதோடு நின்றுவிட்டது.  மறுபடியும் "மே..." என்றார். கண்ணில் நீர் கொட்டியது. ஐந்து மாதம் மிதித்த வாக்கியம் ஒரு நூலிழைகூட வரவில்லை. அந்தப் பக்கம் "ஓலா? ஓலா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. வைத்துவிடப் போகிறார்கள். இன்றைக்கு விட்டால் எட்டு மாதம். கடல் வேலை, யார் கண்டது?

இவர் பயத்தில் கழுத்து டேப்பைப் பிடித்தார். கை டேப்பைத் தொட்டதும் வாய் தானாகத் தன் தொழிலைப் பேசிவிட்டது.

"குவேயோ?" என்றார். கழுத்து?

 பிறகு இவர் மனப்பாடம் செய்த மற்றதும் வந்தது. நான் தையற்காரன், உங்களுக்குச் சட்டை, அம்மா, டேப், தயவுசெய்து. பையன் சிரித்துவிட்டான். என்ன சிரிப்பு! "மமா!" என்று கத்தினான். பாத்திரம் ஒன்று உருண்டது, அலமாரி திறந்தது, ஒரு அம்மாவின் குரல் வந்தது. அம்மா டேப் பிடித்துவிட்டார்.

"குவேயோ, குவாரெந்தா" என்றார்.

இவர் போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். "நாப்பதா? கழுத்து நாப்பதா?"

"காளை மாட்டுக்குக்கூட இருக்காதே" என்றேன்.

"எழுது. எவ்வளவு பெரிய உடம்பா இருந்தாலும் தைப்பேன். அதான் அந்த ரத்தம் அவ்வளவு வேலை செஞ்சிருக்கு."

தோள், குவாரெந்தா இ செய்ஸ். நாற்பத்தாறு. இவர் முகத்தில் பக்தியே வந்துவிட்டது. "கதவுல எப்படி நுழையறான்?" என்று முணுமுணுத்தார்.

அடுத்தது கை. "மாங்கா?" என்றார் இவர்.

"செசெந்தா இ தோஸ்."

இவர் விழித்தார். அம்மா பொறுமையாக மறுபடியும் சொன்னார், "செசெந்தா இ தோஸ்." ஐம்பது வரை மட்டுமே கற்றவர் என்ன செய்வார்? நெற்றியில் வேர்த்தது. அந்த ஐம்பத்தேழாம் நாள் என்னை அடையாளம் தெரியாமல் பார்த்தாரே, அதே பார்வை. எனக்குப் பொறுக்கவில்லை.

"அறுபத்திரண்டு" என்றேன்.

"என்னது?"

"அறுபத்திரண்டுங்க. அவங்க சென்டிமீட்டர்ல சொல்றாங்க. டேப்பைத் திருப்பிப் போடுங்க."

இவர் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துத் திருப்பினார். ஒரு பக்கம் இஞ்ச், தேய்ந்து எண்ணே தெரியாத அளவுக்கு வெளுத்திருந்தது. மறுபக்கம் வாங்கிய அன்று இருந்தபடி பளிச்சென்று, நூற்றைம்பது வரை. முப்பது வருஷத்தில் எத்தனையோ டேப் மாற்றியிருப்பார். ஒன்றையாவது திருப்பிப் பார்த்ததில்லை. இஞ்ச் டேப் என்று அதற்குப் பெயர் வைத்தவரைத்தான் சொல்ல வேண்டும்.

"நாப்பது சென்டிமீட்டர்... பதினாறு இஞ்ச் கிட்ட" என்றார் மெதுவாக. "நம்ம அண்ணன் கழுத்து. சாதாரண ஆளுதான்டி." பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "உனக்கெப்படித் தெரியும்?"

பட்டன் டப்பாவைத் திறந்து அந்தப் பாதித் தாளை எடுத்து மேசையில் வைத்தேன். இவர் வெட்டிய விளிம்பு கத்தரி நேராக அப்படியே இருந்தது. இவர் தாளைத் தன் பக்கம் இழுத்தார். அந்த விளிம்பை ஒரு விரலால் தடவினார்.

அதற்கப்புறம் வேலை ஓடியது. இவர் கேட்க, அந்த அம்மா சொல்ல, நான் எழுதினேன். நீளம் எழுபத்தாறு. இடுப்பு எண்பத்தெட்டு. இனி மார்பு ஒன்றுதான். "பேச்சோ?" என்றார் இவர். அந்த அம்மா மகனிடம் ஏதோ அதட்டினார், மூச்சை விடு என்றுதான் இருக்கும். பிறகு வந்து சொன்னார்.

"சியென்."

என் பேனா நின்றுவிட்டது.

"சியென்" என்றார் மறுபடியும், எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்து. "சியென், சியென்."

நூறு. பாதித் தாளின் கடைசி வரி. டாக்டர் கதவைத் திறந்துகொண்டு நின்ற காலை. நான் பென்சிலை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு இவர் கையைப் பிடித்து வெளியே நடந்த நாள். இங்கே மேசைமேல் இவர் கை இருந்தது, சதைபிடித்து, ஊசி குத்திக் காய்ப்பேறி, சூடாக. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். வாயில் குண்டூசி ஒன்றும் இல்லை, வசதியாக இருந்தது.

பிறகு போனை என் பக்கம் இழுத்தேன். எனக்கும் ஒரு வாக்கியம் இருந்தது. ஒருநாள் டீச்சரிடம் தனியாகக் கேட்டு வைத்திருந்தேன். 'அதைக் கொடுத்தீர்கள்' இல்லை, 'இவரைக் கொடுத்தீர்கள்' என்று சொல்ல வேண்டும் என்றால்? 'லா'வை எடுத்துவிட்டு 'லோ' போட வேண்டும் என்று டீச்சர் சொல்லித் தந்தார்.

"செஞ்ஞோரா" என்றேன் அந்த அம்மாவிடம். "உஸ்தேத் மே லோ தியோ." அம்மா, நீங்கள் இவரை எனக்குக் கொடுத்தீர்கள்.

அந்தப் பக்கம் நீளமாக என்னென்னவோ வந்தது. ஒரு சொல்லும் புரியவில்லை. நடுவில் அழுதார், அதற்கு டீச்சர் தேவைப்படவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பாஷையில் கொஞ்ச நேரம் அழுதோம். இவர் குனிந்து போனுக்கு அருகே வந்து, நிதானமாக, ஒரு தையல் பிசகாமல் தன் வாக்கியம் முழுவதையும் சொன்னார். உயிரைக் கொடுத்தீர்கள். யாரென்று தெரியாமலே எனக்கு அதைக் கொடுத்தீர்கள். தன் வாயாலேயே சொன்னார்.

அம்மாவிடமிருந்து பையன் போனை வாங்கினான். பிறகு எங்களுக்குப் புரியும்படி மெதுவாக, "கிராசியாஸ் போர் லா கமீசா" என்றான். சட்டைக்கு நன்றியாம்! உயிரைக் கொடுத்தவன் இன்னும் வெட்டாத சட்டைக்கு நன்றி சொல்கிறான்.

போனை வைத்தோம். நான்தான் முதலில் நோட்டைப் பார்த்தேன்.

"பேர் எழுதலையே. என்ன பேர் போட?"

இவர் நோட்டைத் தன் பக்கம் திருப்பி, புரட்டிக்கொண்டே போய்க் கடைசிப் பக்கங்களில் நிறுத்தினார். அண்ணன், பெரிய தங்கச்சி, சின்னத் தங்கச்சி, மச்சான். அதற்கடுத்த பக்கம் வெறுமையாக இருந்தது.

"அளவை இங்க மாத்தி எழுது" என்றார்.

"என்னன்னு?"

"தம்பின்னு எழுது."

எழுதினேன். கழுத்து நாற்பது முதல் மார்பு நூறு வரை, எல்லாம் சென்டிமீட்டரில். எழுதி முடித்ததும்தான் எனக்கு ஒன்று உறைத்தது.

"அவர் தம்பின்னா, அந்தம்மா எனக்கு மாமியாரா?"

"வேற யாரு?"

"நல்லா இருக்கே! முப்பது வருஷம் மாமியார் இல்லாம நிம்மதியா இருந்தேன்" என்றேன். சொல்லிக்கொண்டே அடுத்த பக்கத்தைத் திருப்பி, மேலே 'அத்தை' என்று எழுதினேன். "போனைப் போடுங்க. அவங்களுக்கும் ஒண்ணு தைக்கணும். அளவை நான் கேக்கறேன்."